மூடி போட்டதும் மஞ்சளாகும் சுடர்: உலோகம் உருக்கும் உலைக்கு வாயு பர்னரை மேம்படுத்துவது எப்படி?

வார்ப்புமணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அலுமினியமும் பித்தளையும் உருக்குவதற்காகச் சிறிய உலை ஒன்றை அமைத்திருக்கிறேன். அடுத்து வெண்கலம், செம்பு என்று போக ஆசை. பர்னர்தான் வழிமறித்து நிற்கிறது.

விவரங்களைத் தருகிறேன். ஊதுவிசிறி கிடையாது, வாயு தானே காற்றை இழுத்துக்கொள்ளும் வகை. வாயுவும் காற்றும் கலக்கும் கலவைக் குழாயின் உள்விட்டம் 20 மி.மீ., வாயு பீறிட்டு வரும் ஜெட்டின் துளை 1.5 மி.மீ., ரெகுலேட்டரில் அழுத்தம் 0.3 பார். உலையின் உள்விட்டம் 25 செ.மீ., சுவரில் 5 செ.மீ. தடிப்புக்கு செராமிக் ஃபைபர் போர்வை. மூடியின் நடுவில் 40 மி.மீ. துவாரம்.

பர்னரை வெளியே வைத்துப் பற்றவைத்தால் நீலச் சுடர் நன்றாகச் சீறுகிறது. உலைக்குள் பொருத்தி மூடியைப் போட்ட சிறிது நேரத்தில் துவாரத்துக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் சுடர் கிளம்புகிறது. அலுமினியம் உருகிவிடுகிறது. பித்தளைக்கு வெகுநேரம் பிடிக்கிறது. செம்பு சிவந்து, விளிம்பில் மட்டும் மினுங்கி, அப்படியே நின்றுவிடுகிறது. சிலிண்டரின் அடிப்பகுதியில் உறைபனி படிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஊதுலை எழுதியது:

0.3 பார் இந்த வகைப் பர்னருக்குப் போதவே போதாது. அழுத்தத்தை 1 பாருக்கு மேல் ஏற்றுங்கள், காற்று தானாக வரும். அதிலும் சரிவராவிட்டால் ஊதுவிசிறி வையுங்கள். நான் தானிழு பர்னர்களை விட்டொழித்துப் பல காலம் ஆகிறது. காற்று ஒரு கைப்பிடியில், வாயு ஒரு கைப்பிடியில் இருக்கும்போது தலைவலியே கிடையாது.

காற்றுக்கணக்கு எழுதியது:

ஊதுலை, அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் இந்தச் சுடர் நீலமாகாது. இன்னும் பெரிய மஞ்சள் சுடர்தான் கிடைக்கும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் பர்னரில் மற்ற எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

சிலிண்டர் வாயுவான புரோப்பேன் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 15.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் ஒரு பங்கு வாயுவுக்கு 24 பங்கு காற்று. தானிழு பர்னரில் இந்தக் காற்றை இழுத்து வருவது ஜெட்டிலிருந்து பாயும் வாயுவின் உந்தம் மட்டுமே. வேகமாகப் பாயும் சிறிய தாரை, நின்றுகொண்டிருக்கும் காற்றை அணைத்து இழுத்துத் தன் வேகத்தை அதனோடு பங்கிட்டுக்கொள்கிறது. உந்தம் மாறாது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ காற்றை இழுக்கும் என்பது குழாயின் விட்டத்துக்கும் ஜெட்டின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தே அமைகிறது. அந்தக் கணக்கில் அழுத்தம் இரண்டு பக்கத்திலும் வந்து அடிபட்டுப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் வாயுவும் கூடும், காற்றும் அதே அளவில் கூடும். விகிதம் அப்படியே இருக்கும்.

புரோப்பேனுக்குச் சரியான விகிதம் வர, குழாயின் விட்டம் ஜெட் விட்டத்தைப்போல் 20 மடங்காவது இருக்க வேண்டும். உராய்வு, வளைவு, வாய் விளிம்பு ஆகிய இழப்புகளைச் சேர்த்தால் 22 முதல் 24 மடங்கு வரை போகலாம்.

உங்கள் பர்னரில் 20 ஐ 1.5 ஆல் வகுத்தால் 13 தான் வருகிறது. அப்படியானால் ஒரு கிலோ வாயு 10 கிலோ காற்றை மட்டுமே இழுக்கும். 1.5 மி.மீ. துளையில் 0.3 பார் அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 2 கிலோ வாயு போகும். அதனோடு வரும் 20 கிலோ காற்று 1.25 கிலோ வாயுவை எரிக்கத்தான் போதுமானது. மீதி வாயு உலைக்குள் சும்மா சூடாகி, மூடித் துவாரத்தில் வெளிக்காற்றைக் கண்டதும் எரிகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் சுடர் அதுதான். வெளியே வைத்து எரிக்கும்போது சுற்றியுள்ள காற்று அந்தக் குறையை நிரப்பிவிடுவதால் சுடர் நீலமாகத் தெரிகிறது.

ஜெட்டை 0.9 மி.மீ. ஆக்குங்கள். விகிதம் 22 ஆகும்.

வார்ப்புமணி எழுதியது:

தெளிவாகப் புரிந்தது, மிக்க நன்றி. ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. துளையை 1.5 இலிருந்து 0.9 ஆக்கினால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். ஏற்கெனவே செம்பு உருகவில்லை. வாயுவையும் குறைத்துவிட்டால் வெப்பம் எங்கிருந்து வரும்?

காற்றுக்கணக்கு எழுதியது:

இப்போதுதான் அழுத்தத்துக்கு வேலை. ஊதுலை சொன்ன அறிவுரை இந்த இடத்தில் சரி. விகிதத்தைத் துளையும் குழாயும் தீர்மானிக்கின்றன, மொத்த வெப்பத்தை அழுத்தம் தீர்மானிக்கிறது.

0.9 மி.மீ. துளையில் 1 பார் அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 1 கிலோ வாயு போகும். அது ஏறத்தாழ 13 கிலோவாட். 1.5 பார் வைத்தால் 1.3 கிலோ, 17 கிலோவாட். இப்போது 2 கிலோ செலவழித்து நீங்கள் உலைக்குள் எரிப்பதைவிட இது குறைவே அல்ல. வாயுச் செலவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அதைவிட முக்கியம் சுடரின் வெப்பநிலை. கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது ஒரு மோலுக்கு 394 கிலோஜூல் தருகிறது. பாதியில் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் 110 தான். சரியான விகிதத்தில் புரோப்பேன் சுடரின் உச்ச வெப்பநிலை காற்றில் 1,980 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகக்கூடும். காற்று குறையக் குறைய அந்த உச்சம் சரிகிறது. செம்பு 1,085 டிகிரியில் உருகுகிறது. சுடருக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளிதான் வெப்பத்தைத் தள்ளும் விசை. அந்த இடைவெளி சுருங்கிவிட்டால் எவ்வளவு வாயுவைக் கொட்டினாலும் உலோகம் மெல்லத்தான் சூடேறும்.

செம்புக்கொல்லன் எழுதியது:

காற்றுக்கணக்கு சொன்ன விகிதம் சரி. ஆனால் அது குளிர்ந்த பர்னருக்கான கணக்கு. பட்டறையில் அரை மணி நேரம் கழித்து நடப்பது வேறு. வார்ப்புமணி தம்பி, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் மூடித் துவாரம். 40 மி.மீ. மிகவும் சிறியது. உள்ளே போகும் காற்றும் வாயுவும் 1,200 டிகிரிக்குச் சூடாகும்போது அறை வெப்பத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிகின்றன. அத்தனையும் அந்த ஒரே துளை வழியாக வெளியேற வேண்டும். வெளியேற முடியாவிட்டால் உலைக்குள் எதிரழுத்தம் உண்டாகும். தானிழு பர்னருக்கு எதிரழுத்தத்தைத் தாங்கும் தெம்பு மிகக் குறைவு. காற்று வரத்து சுருங்கும், வாயு வரத்து சுருங்காது. சுடர் மஞ்சளாகும். துவாரத்தை 70 மி.மீ. ஆக்குங்கள். பெரிதாகிவிட்டதாகத் தோன்றினால் தீச்செங்கல் துண்டு ஒன்றை மேலே வைத்து வேண்டிய அளவுக்கு மறைத்துக்கொள்ளலாம். சிறியதைத்தான் நினைத்த நேரத்தில் பெரிதாக்க முடியாது.

இரண்டாவது, கலவைக் குழாய் சூடேறுவது. குழாய் சூடானால் உள்ளே வரும் கலவை விரிந்து மெலிகிறது, அதே தாரை குறைந்த எடைக் காற்றையே இழுக்கிறது. காலையில் கச்சிதமாக எரிந்த பர்னர் நண்பகலில் மஞ்சளாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பர்னரின் பெரும்பகுதி உலைக்கு வெளியே இருக்கட்டும். குழாய்க்கும் உலைச் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு அதில் ஃபைபரைத் தளர்வாக அடையுங்கள்.

ஆகவே பர்னரை எப்போதும் உலை சூடான பிறகு, மூசையும் (உலோகம் உருகும் கிண்ணம்) உள்ளே இருக்க, மூடியும் மேலே இருக்கச் சரிசெய்ய வேண்டும். திறந்த வெளியில் எரியவிட்டு நீளத்தையும் சீற்றத்தையும் பார்த்து மெச்சிக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. அந்தப் படங்கள் பார்க்க அழகாக இருக்கும், உலோகம் உருக்காது.

மூசைக்காரி எழுதியது:

செம்புக்கொல்லன் ஐயா சொன்ன எதிரழுத்தத்துக்கு ஓர் எண்ணைச் சேர்க்கிறேன். 20 மி.மீ. குழாயில் மணிக்கு 1 கிலோ வாயு எரியும்போது கலவை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அந்த வேகம் முழுவதையும் அழுத்தமாக மாற்றினாலும் 90 பாஸ்கல்தான் வரும். அதாவது 9 மி.மீ. உயர நீர்த்தூண். வாயால் மெல்ல ஊதினாலே அதைவிட அதிகம் வரும். 40 மி.மீ. துவாரம் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகிறது. துவாரத்தின் பரப்பை மூன்று மடங்காக்கினால் எதிரழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

குழாயின் முனையைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அங்கே மெல்ல அகலும் கூம்பு ஒன்று வேண்டும். 12 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும் சரிவு பலரும் பின்பற்றுவது. கலவையின் வேகத்தில் ஒரு பகுதியை அது அழுத்தமாக மீட்டுத் தருகிறது. குழாய் முடிந்து கூம்பு தொடங்கும் இடத்தில் சிறிய படி ஒன்று விட்டால் சுடர் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புரோப்பேன் கலவையில் தீ பரவும் இயல்பான வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் அளவுதான். 12 மீட்டரில் ஓடும் கலவை மேல் சுடர் ஒட்டி நிற்க அந்தப் படியின் பின்னே சுழலும் சூடான வாயு உதவுகிறது. உலை சிவந்த பிறகு சுவரே பற்றவைக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அப்போது கூம்பின் தேவை குறைந்துவிடும்.

வார்ப்புமணி எழுதியது:

ஜெட்டுக்கு 0.9 மி.மீ. துளையை நானே துளைப்பதா? அவ்வளவு மெல்லிய துளைமுனை எளிதில் முறிந்துவிடுகிறது. ஜெட்டைக் குழாயின் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது?

மூசைக்காரி எழுதியது:

துளைக்கவே வேண்டாம். மிக் வெல்டிங்கில் கம்பி வெளிவரும் செம்பு முனை இருக்கிறதல்லவா, அதை அப்படியே ஜெட்டாகப் பயன்படுத்தலாம். 0.6, 0.8, 0.9 மி.மீ. கம்பிகளுக்கென்று தனித்தனியே கிடைக்கிறது. உண்மையான துளை கம்பியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஆகவே 0.8 கம்பிக்கான முனையே உங்களுக்குப் பொருந்தும். உட்புறம் வழவழப்பாக, நேராக, நீளமாக இருப்பதால் தாரை சிதறாமல் பாயும்.

முனையின் நுனி குழாய் வாயை ஒட்டி, மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாக இருக்கட்டும். உலை சூடான பிறகு நகர்த்திப் பார்த்துத் திருகை இறுக்குங்கள். தூரத்தைவிட முக்கியமானது நேர்த்தி. தாரை குழாயின் நட்ட நடுவே, அச்சோடு அச்சாகப் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கச் சுவரில் மோதி வேகத்தை இழந்துவிடும். வாயுவை அடைத்துவிட்டு, ஜெட்டுக்குள் மெல்லிய நேரான கம்பியைச் செருகி, மறுமுனையில் அது நடுவில் வருகிறதா என்று பாருங்கள். கலவைக் குழாயின் நீளம் விட்டத்தைப்போல் எட்டு ஒன்பது மடங்கு இருந்தால் நன்றாகக் கலக்கும். காற்று நுழையும் வாயின் விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிடுங்கள்.

ஊதுலை எழுதியது:

இத்தனை நுணுக்கமும் ஊதுவிசிறி வைத்தால் தேவைப்படாது என்பதை இன்னமும் வலியுறுத்துகிறேன். விசிறி தரும் அழுத்தம் இந்த 90 பாஸ்கலைப்போல் பல மடங்கு. மூடித் துவாரம் சிறிதானாலும், மூசை பெரிதானாலும், குழாய் சூடானாலும் பர்னர் அசையாது. காற்றுத் தகட்டைத் திறந்தால் காற்று, ஊசி வால்வைத் திறந்தால் வாயு. வார்ப்பிரும்பு உருக்க நினைப்பவர்களுக்கு 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும், ஊற்றுவதற்கு அதற்கும் மேலே. அந்த உயரத்தில் தானிழு பர்னர் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பல துளைப் பர்னரையும் சொல்ல வேண்டும். அனல்தாங்கும் கட்டி ஒன்றில் நிறையச் சிறு துளைகள் விட்டு வார்த்து, பின்னால் கலவை நிரம்பும் அறை ஒன்றை வைத்து விசிறியால் ஊட்டினால் சத்தமில்லாமல் அகலமான சுடர் கிடைக்கும். ஒரே இடத்தில் மூசையைச் சுடாது. ஆனால் விசிறி தளர்ந்து கலவையின் வேகம் குறைந்தால் சுடர் துளை வழியே பின்னோக்கி அறைக்குள் புகும், அதில் கவனம் வேண்டும்.

செம்புக்கொல்லன் எழுதியது:

விசிறியின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. பெரிய உலைக்கு அதுவே சரி. ஒரு நிபந்தனை உண்டு: மின்சாரம் நின்ற கணத்தில் வாயுவை அடைக்கும் சோலனாய்டு வால்வு இல்லாமல் விசிறிப் பர்னரைப் பற்றவைக்கக் கூடாது. விசிறி நின்று வாயு மட்டும் ஓடினால் அது உலையையும் விசிறிக் குழாயையும் நிரப்பும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும்.

தம்பியின் உலை சிறியது. இந்த அளவுக்குத் தானிழு பர்னரே போதும், செம்பு தாராளமாக உருகும்.

ஊதுலை எழுதியது:

சோலனாய்டு வால்வு பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

வார்ப்புமணி எழுதியது:

மாற்றங்களைச் செய்துவிட்டேன். 0.8 கம்பிக்கான முனை, 1.2 பார் அழுத்தம், மூடியில் 70 மி.மீ. துவாரம், துருப்பிடிக்காத எஃகில் அகலும் கூம்பு. குழாயை உலைச் சுவரிலிருந்து சற்று வெளியே இழுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது துவாரத்துக்கு மேலே நீலமும் பச்சையும் கலந்த குட்டையான சுடர் மட்டுமே தெரிகிறது. உட்சுவர் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சள் வெண்மைக்கு வந்தது. செம்பு முழுவதும் உருகி, ஓடும் பதத்துக்கு வந்துவிட்டது. வாயு முன்பைவிடக் குறைவாகத்தான் போகிறது. எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. சிலிண்டர் குறையும்போது சுடர் மறுபடியும் மஞ்சளை நோக்கிப் போகிறது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் ஒரே விதமான சுடரைத்தான் வைக்க வேண்டுமா?

காற்றுக்கணக்கு எழுதியது:

சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருந்தால் இப்படி நடக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் சுழியத்தை ஒட்டி. முதலில் புரோப்பேன் அதிகமாக ஆவியாகிப் போய்விட, கடைசியில் பியூட்டேன் மிஞ்சுகிறது. பியூட்டேன் ஒரு பங்குக்கு 31 பங்கு காற்று கேட்கும். முன்பு சொன்ன விட்ட விகிதம் அதற்கு 20 அல்ல, 23 ஆக வேண்டும். உங்கள் பர்னர் புரோப்பேனுக்குச் சரியாக இருந்து பியூட்டேனுக்குச் சற்றுக் குறைபடுகிறது. ஒரு படி சிறிய முனையைக் கையில் வைத்திருங்கள், அழுத்தத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

உறைபனி வேறு விஷயம். திரவம் ஆவியாக ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் வருகிறது. எடுக்கும் வேகம் அதை மிஞ்சினால் திரவம் குளிர்ந்து அழுத்தம் விழுகிறது. பெரிய சிலிண்டர், அல்லது இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைப்பது நல்ல தீர்வு. வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைக்கலாம். சுடரைக் காட்டிச் சூடாக்குவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. சிலிண்டரைப் படுக்க வைத்தால் திரவமே ஹோஸில் வந்துவிடும், நிமிர்ந்தே இருக்கட்டும்.

செம்புக்கொல்லன் எழுதியது:

சுடரைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: அலுமினியமானாலும் செம்புக் கலவையானாலும் காற்று இம்மியளவு கூடுதலாக இருக்கட்டும். காற்றுக் குறைந்த சுடரில் ஹைட்ரஜன் மிஞ்சி உருகிய உலோகத்தில் கரைகிறது. உறையும்போது அது வெளியேறி வார்ப்பில் ஊசித் துளைகளை விட்டுச் செல்கிறது. செம்பில் ஆக்சிஜன் சற்றுக் கூடினால் ஊற்றுவதற்கு முன் பாஸ்பரஸ் கலந்த செம்பைச் சிறிது போட்டு நீக்கிவிடலாம். புகுந்த ஹைட்ரஜனை நீக்குவது அவ்வளவு எளிதல்ல. காற்று மிக அதிகமானால் கிராஃபைட் மூசை விரைவில் தேயும், அதனால்தான் இம்மியளவு என்றேன். அலுமினியத்தை 720 டிகிரிக்கு மேல் தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். சூடு கூடக்கூட அது ஹைட்ரஜனை அதிகமாகக் குடிக்கும்.

பித்தளையில் வேறொரு ஆபத்து. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். வெண்புகை எழுந்தால் உலை அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று பொருள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டமான இடத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உருக்குங்கள்.

மூசைக்காரி எழுதியது:

பர்னர் நுழையும் கோணத்தையும் பார்த்துவிடுங்கள். மூசையின் அடிப்பீட உயரத்தில், சுவரைத் தழுவிச் சுழலும்படி ஓரமாகச் சாய்த்து நுழைய வேண்டும். சுடர் நேராக மூசையில் மோதினால் அந்த இடம் முதலில் அரிக்கும், எரிதலும் முடிவதற்கு முன்பே குளிர்ந்துவிடும்.

செராமிக் ஃபைபரை வெறுமனே விட்டிருக்கிறீர்களா? அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கூழ்ம சிலிக்கா தெளித்து இறுக்கி, மேலே அனல்தாங்கும் பூச்சு பூசுங்கள். தூசி பறக்காது, சுவரும் உறுதியாகும்.

வார்ப்புமணி எழுதியது:

பூச்சை இந்த வாரமே பூசிவிடுகிறேன். மூடித் துவாரத்தில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு உள்ளே போகும் காற்றைச் சூடாக்கினால் இன்னும் சிக்கனமாகுமா?

காற்றுக்கணக்கு எழுதியது:

ஆகும், ஆனால் உங்கள் வகைப் பர்னரில் வேண்டாம். 1,200 டிகிரியில் வெளியேறும் வாயு, எரிபொருள் தந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிறது. அலுமினியம் ஒரு கிலோவை உருக்கி ஊற்றும் சூட்டுக்குக் கொண்டுவர 1.1 மெகாஜூல் போதும், ஒரு கிலோ புரோப்பேனில் 46 மெகாஜூல் இருக்கிறது. கணக்குப்படி 40 கிலோ உருக வேண்டும், நடைமுறையில் அதன் பக்கத்தில்கூட யாரும் போவதில்லை. ஆகவே மீட்க வேண்டிய வெப்பம் நிறையவே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், தானிழு பர்னரில் காற்று சூடாகி மெலிந்தால் தாரை இழுக்கும் எடை குறைந்துவிடும். செம்புக்கொல்லன் ஐயா சொன்ன அதே கதை. விசிறிப் பர்னரிலும் காற்றைத் தனியாகச் சூடாக்கி, பர்னரின் நுனியில் மட்டும் வாயுவோடு சேர்க்க வேண்டும். கலவையைச் சூடாக்கினால் 470 டிகிரியை ஒட்டி அது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். இப்போதைக்கு மூடியின் தடிப்பைக் கூட்டுங்கள், சுவருக்கு இன்னொரு அடுக்கு ஃபைபர் போடுங்கள், அடுத்த மூசைக்கான உலோகத்தைத் துவாரத்தருகே வைத்து முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள். ஈரம் போகவும் அது உதவும். ஈரமான துண்டை உருகிய உலோகத்தில் போட்டால் வெடித்துச் சிதறும்.

ஊதுலை எழுதியது:

வார்ப்புமணி, நிறுத்தும் முறையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சிலிண்டர் வால்வை அடைத்து ஹோஸில் இருப்பதை எரியவிட்டு, பிறகு பர்னர் வால்வை அடையுங்கள். வாயு நின்றதும் உலையின் சூடான காற்று பர்னர் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி ஜெட்டையும் ஹோஸையும் வாட்டும், ஆகவே பர்னரின் காற்று வாயை உடனே மூடிவிடுங்கள். அடுத்த முறை பற்றவைக்கும் முன் மூடியை எடுத்துவிட்டு, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பர்னர் வால்வைத் திறப்பதற்கு முன்பே உலை வாயில் எரியும் தாளோ டார்ச் சுடரோ இருக்கட்டும்.